கோச்சிங்கில் உங்களுக்கு நீங்களே எவ்வளவு மார்க் போடுவீர்கள்?

ஒரு பயிற்சியாளர் தன் திறமையில் எவ்வளவு நம்பிக்கை வைத்திருக்கிறார் என்று அளக்க, டெபோரா ஃபெல்ட்ஸும் சக ஆய்வாளர்களும் 1999-இல் அமெரிக்காவில் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். மொத்தம் 24 கேள்விகள். ஆட்ட வியூகம், நுட்பம் சொல்லித்தருவது, ஊக்கப்படுத்துவது, நல்ல குணம் வளர்ப்பது என்று நான்கு பிரிவுகள். சிங்கப்பூர்ப் பயிற்சியாளர்களிடம் இதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2002-இல் வந்தது. வியூகத்தில் பெண்களைவிட ஆண்கள் தங்களுக்குக் கூடுதல் மார்க் போட்டிருந்தார்கள். பயிற்சிச் சான்றிதழ் வாங்கியவர்களும் அப்படித்தான்.

இதெல்லாம் அவரவர் போட்டுக்கொண்ட மார்க். யார் உண்மையில் கெட்டிக்காரர் என்பதை இது சொல்லாது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் 2003 ஆய்வு ஒன்றில் அறிவியல் தேர்வை இரு பாலரும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் எழுதினார்கள்; ஆனால் பெண்கள் தாங்கள் குறைவாகச் செய்ததாக நினைத்தார்கள்.

நம் பள்ளிகளில் நடப்பதைப் பாருங்கள். பெஞ்சில் உட்கார்ந்து ஆட்டக்காரரை மாற்றுவது பி.டி. சார். தண்ணீர் பாட்டில், சீருடை, பிள்ளைகளைப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்புவது டீச்சர். செய்து பார்த்த அனுபவம்தான் தன்னம்பிக்கைக்கு முதல் ஊற்று என்று உளவியலாளர் பண்டூரா 1977-லேயே எழுதிவிட்டார். செய்யவே விடாமல், "அவங்களுக்குத் தைரியம் போதாது" என்பது என்ன நியாயம்?

டீச்சர், "எனக்குக் கோச்சிங் வருமா?" என்று மொத்தமாகக் கேட்டுக்கொள்ளாதீர்கள். துண்டு துண்டாகக் கேளுங்கள். கபடி என்றால், எதிரணியின் நல்ல ரைடர் எந்தப் பக்கம் பாய்வார், களத்தில் மூன்று பேர் மட்டும் மிஞ்சினால் சூப்பர் டேக்கிளுக்கு யாரை முன்னே விடுவேன், டைம்-அவுட்டில் என்ன சொல்வேன்? ஆட்டத்துக்கு முன்பே நோட்டில் எழுதுங்கள். முடிந்ததும் எது பலித்தது என்று சரிபாருங்கள். பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் (என்.ஐ.எஸ்.) ஆறு வாரச் சான்றிதழ்ப் பயிற்சிக்கு வாய்ப்பு வந்தால் விடாதீர்கள்.

சார், உங்களுக்கும் அதே நோட்டுதான். நீங்கள் இன்னும் கறாராகச் சரிபாருங்கள். தோற்றால் நடுவர், ஜெயித்தால் நான் என்று கணக்கு எழுதினால் மார்க் ஏறத்தான் செய்யும்.

தலைமையாசிரியர்களே, "யார் டீமை எடுக்கிறீங்க?" என்று கேட்டு, முதலில் கை தூக்கியவரிடம் கொடுத்துவிடாதீர்கள். அடுத்த குறுவட்டப் போட்டிக்கு, பயிற்சியாளர் என்ற இடத்தில் டீச்சரின் பெயரை எழுதுங்கள். ஒரு போட்டியோடு நிறுத்தாமல் முழு சீசனும் அவரிடமே விடுங்கள்.