டாங்கியும் காலாளும்

1916 செப்டம்பர் 15 அன்று, பிரான்சு நாட்டுச் சோம் போர்க்களத்தில் ஆங்கிலேயர் முதன்முதலாக டாங்கிகளை ஏவினர். துப்பாக்கிக் குண்டுக்கு அஞ்சாது ஊர்ந்துவந்த அவ்விரும்பு வண்டிகளைக் கண்டு செருமானியக் காலாட்படையினர் திகைத்தனர். 1918 இல் அவர்கள் 13.2 மில்லிமீட்டர் குண்டு பாயும் பெருந்துப்பாக்கியைச் செய்தனர்.

பின்னர்க் கவசம் தடிக்கவே, அத்தகைய துப்பாக்கிகள் பயனற்றுப்போயின. இரண்டாம் உலகப்போரில் வேறொரு வழி கைக்கொள்ளப்பட்டது. வெடிமருந்தின் முகப்பைக் கூம்புபோற் குழித்து, அக்குழியில் உலோகத் தகடு பதித்தனர். மருந்து வெடித்ததும் அத்தகடு கூரிய தாரையாய்ப் பாய்ந்து எஃகைத் துளைத்தது. அதன் ஆற்றல் குண்டின் விரைவால் வந்ததன்று. மருந்தின் வடிவால் வந்தது.

1942 இல் அமெரிக்கரின் பசூக்காவும், 1943 இல் செருமானியரின் பான்சர்பாஸ்டும் இம்முறையில் களம் புகுந்தன. ஆயினும், தொடக்கக்காலப் பான்சர்பாஸ்டை ஏந்திய வீரன் டாங்கிக்கு ஏறத்தாழ 30 மீட்டர் அணுக்கத்தில் நின்றே எய்தல் வேண்டும். குறி தவறின், அவன் உயிர் தப்புதல் அரிது.