ஒரே ஒரு பிரதி அச்சிட முடியுமா?

உங்கள் ஊர்ப் பறவைகளைப் பற்றி நீங்கள் எழுதும் நூலை ஐம்பது பேர்தான் வாங்குவார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதை அச்சிடலாமா? கணக்கிட்டுப் பார்ப்போம்.

ஆஃப்செட் முறையில் அச்சுத் தகடுகளுக்கும் ஆயத்த வேலைக்கும் ரூ. 6,000, பிறகு பிரதிக்கு ரூ. 60 எனக் கொள்வோம். 1,000 பிரதிகளானால் ஒன்றின் அடக்கவிலை ரூ. 66, 50 பிரதிகளானால் ரூ. 180!

தேவைக்கேற்ப அச்சிடும் லேசர் பொறியில் தகடே இல்லை. ஒளிபட்டால் மின்னைக் கடத்தும் பூச்சுள்ள உருளையில், லேசர் கதிர் எழுத்துகளை நிலைமின் வடிவமாக வரைகிறது. மைத்தூள் அதில் ஒட்டித் தாளுக்கு மாறுகிறது. வெப்பம் அதை உருக்கிப் பதிக்கிறது. 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கில் செஸ்டர் கார்ல்சன், கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டில் செய்து பார்த்த தத்துவமே இது.

சுற்றுக்குச் சுற்று புது வடிவம் வரைவதால் முதல் பிரதிக்கும் நூறாவது பிரதிக்கும் செலவு ஒன்றே. அது ரூ. 150 என்றால், உங்கள் நூல் பிழைத்தது!

எத்தனை பிரதிகள் வரை இம்முறை மலிவு? நீங்களே கணக்கிடுங்கள். (விடை: 66)