ஒப்பந்தத்தில் கைமாறிய ஊர்கள்

நுழையும்முன்

இந்தியாவில் ஐரோப்பியர் ஆட்சி வேரூன்றியதைப் படிக்கும்போது போர்க்களங்களே முதலில் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் பீரங்கி சாதித்தவற்றைவிட, அரசர் ஒருவர் நெருக்கடியில் கையொப்பமிட்ட ஒப்பந்தம் சாதித்தவை மிகுதி. அதற்குச் சான்றாகச் சோழநாட்டுக் கடற்கரை ஊர் ஒன்று உள்ளது.

காரைக்காலுக்குத் தெற்கே அமைந்துள்ளது திருமலைராயன்பட்டினம். விசயநகரப் பேரரசின் சார்பில் இப்பகுதியை ஆண்ட திருமலைராயன் பெயரால் வழங்கும் இவ்வூரைத் தமிழ் மாணவர் காளமேகப் புலவரோடு சேர்த்தே அறிவர். அரசவையில் அவமதிக்கப்பட்ட புலவர், ஊரின்மீது மண்மாரி பொழியுமாறு பாடினார் என்பது செவிவழிக் கதை. அந்தப் பட்டினம் 1739இல் விற்பனைப் பட்டியலொன்றில் இடம்பெற்றது. இது கதையன்று, வரலாறு.

அடைக்கலம் தேடிய அரசர்

தஞ்சை மராத்திய அரசில் முதலாம் துளஜா 1736இல் மறைந்தபின் மூன்றாண்டுகளுக்குள் அரியணை பலமுறை கைமாறியது. நாட்டை இழந்து சிதம்பரம் பக்கம் ஒதுங்கிய சயாஜி, 1738இல் புதுச்சேரி ஆளுநர் தூமாவின் உதவியை நாடினார். உதவிக்கு விலையாகக் காரைக்காலையும் அதன் கோட்டையையும் சில ஊர்களையும் தருவதாக வாக்களித்தார். பேசப்பட்ட தொகை 50,000 சக்கரம். சக்கரம் என்பது அக்காலத்துப் பொற்காசு. கப்பலில் படைக்கலன்கள் வந்து சேருமுன் சயாஜி அரியணையை மீட்டுக்கொண்டார். கொடுத்த வாக்கைத் தள்ளிப்போட்டார். நாகப்பட்டினத்தில் வணிகம் நடத்திவந்த டச்சுக்காரர்களும் பிரெஞ்சுக்காரர்கள் அருகில் வருவதை விரும்பவில்லை.

அவ்வேளையில் திருச்சிராப்பள்ளியைக் கைப்பற்றியிருந்த சந்தா சாகிப் இடையே புகுந்தார். தஞ்சையின் பகைவராகிய அவருடைய படை காரைக்காலைப் பிடித்துப் பிரெஞ்சுக்காரரிடம் ஒப்படைத்தது. 1739 பிப்ரவரி 14 அன்று அவர்கள் அவ்வூரைப் பெற்றுக்கொண்டனர். அரசர் கொடுக்கத் தயங்கியதை அவருடைய பகைவர் எடுத்துக்கொடுத்தார். நடந்துவிட்டதற்கு ஒப்பந்தம் பின்னரே உருவம் தந்தது. பணத்தேவை நெருக்கவே கீழையூர், மேலையூர், புதுத்துறை, கோவில்பத்து, திருமலைராயன்பட்டினம் ஆகிய ஐந்து ஊர்களையும் விற்கச் சயாஜி இசைந்தார்.

அவ்வாண்டே அரியணை ஏறிய பிரதாபசிங்கும் பணமுடையால் நிரவி, வாஞ்சியூர், போலகம் உள்ளிட்ட எட்டு ஊர்களைச் சேர்த்து விட்டுக்கொடுத்தார். விற்றவர் அரசர், வாங்கியது ஒரு வணிகக் குழு. வயலில் நின்ற உழவரிடமும் தறியில் இருந்த நெசவாளரிடமும் எவரும் எதுவும் கேட்கவில்லை. வரி கேட்டு வரும் ஆள் மாறியபோதுதான் பலருக்கு ஆட்சி மாறியது தெரிந்திருக்கும்.

ஓர் ஆண்டு, இரண்டு இழப்புகள்

1749ஆம் ஆண்டு தனித்துக் கருதத்தக்கது. மீண்டும் நாடிழந்திருந்த அதே சயாஜி, இம்முறை கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டையிலிருந்த ஆங்கிலேயரை அணுகினார். அவருக்காகப் படையெடுத்துச் சென்ற ஆங்கிலேயர் கொள்ளிட முகத்துவாரத்திலுள்ள தேவிக்கோட்டையைப் பிடித்தனர். பிடித்தபின் பிரதாபசிங்கையே அரசராக ஏற்று, கோட்டையைத் தமக்கென வைத்துக்கொண்டனர்; சயாஜிக்கு ஓய்வூதியம் மட்டும் கிடைத்தது. அவ்வாண்டின் இறுதியில் சந்தா சாகிபும் பிரெஞ்சுப் படையும் தஞ்சையை முற்றுகையிட்டன. அதன் விளைவாகக் காரைக்காலைச் சூழ்ந்த 81 ஊர்கள் பிரெஞ்சுக்காரரைச் சேர்ந்தன. காரைக்காலுக்காக அவர்கள் ஆண்டுதோறும் தஞ்சைக்குச் செலுத்திய நிலவாடகையும் நீக்கப்பட்டது. வாடகை நின்றதோடு, நிலத்தின் உரிமையாளர் தஞ்சை அரசர் என்பதற்கு எஞ்சியிருந்த அடையாளமும் மறைந்தது.

காப்பு என்னும் பெயரால்

நிலத்தைப் பிரித்து வாங்குவது ஒரு முறை. அரசரை அரியணையிலேயே இருத்தி, படை, வெளியுறவு, வருவாய் ஆகியவற்றை மட்டும் ஒவ்வொன்றாகப் பெற்றுக்கொள்வது மற்றொரு முறை. இவ்வாறு வல்லரசொன்றின் காப்புக்குள் வந்த நாட்டைக் காப்பரசு என்பர். காரைக்கால் முதல் முறையால் பிரெஞ்சு நிலமாயிற்று. எஞ்சிய தஞ்சை இரண்டாம் முறையால் ஆங்கிலேயர் வசமாயிற்று.

1762இல் ஆர்க்காட்டு நவாபுக்கும் தஞ்சைக்கும் இடையிலான கப்பச் சிக்கலில் ஆங்கிலேயர் பிணையாக நின்று உடன்படிக்கை செய்வித்தனர். அந்தப் பிணை தஞ்சையைக் காக்கவில்லை. 1773இல் நவாபுக்காகத் தஞ்சையைப் பிடித்தவர்களும் அவர்களே. 1776இல் நாட்டைத் திருப்பிக் கொடுத்தபோது கோட்டைக்குள் கும்பினிப் படை நிலைகொண்டது; அதன் செலவு அரசர் தலையில் விழுந்தது. 1799 அக்டோபர் 25 ஒப்பந்தத்தின்படி இரண்டாம் சரபோஜி ஆட்சிப்பொறுப்பு முழுவதையும் கும்பினிக்கு விட்டுக்கொடுத்தார். அவருக்கு எஞ்சியவை கோட்டையும் அதன் சுற்றுப்புறமும், ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனும், வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும். சரசுவதி மகால் நூலகத்தைச் சரபோஜி பேணி வளர்த்ததைப் போற்றுவோர், ஆள்வதற்கு நாடு இல்லாத அரசர் அவர் என்பதையும் உடன்வைத்து எண்ணுதல் தகும். அவர் மகன் ஆண் வாரிசின்றி 1855இல் மறைந்தபோது அரசுரிமையும் முடிந்தது.

தெரிந்து தெளிவோம்

1814ஆம் ஆண்டுப் பாரிசு உடன்படிக்கை, இந்தியாவிலுள்ள பிரெஞ்சுப் பகுதிகளில் கோட்டை கட்டக்கூடாது என்றும் காவலுக்கு வேண்டிய அளவுக்குமேல் படை வைக்கக்கூடாது என்றும் வரையறுத்தது. போர்க்காலங்களில் ஆங்கிலேயர் வசமான காரைக்கால் 1817இல் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பியது இந்த வரம்புக்கு உட்பட்டே.

அரபுக் கடற்கரையில்

இந்தியாவில் பழகிய இம்முறையை ஆங்கிலேயர் பாரசீக வளைகுடாவிலும் கையாண்டனர். ராசல் கைமாவைத் தாக்கி வென்றபின் 1820இல் அக்கரையின் சேக்குகளோடு பொது உடன்படிக்கை செய்தனர். முதலில் கேட்டது கடற்கொள்ளையை நிறுத்துவது. 1853இல் கேட்டது கடலில் நிலையான அமைதி. இரண்டும் தீங்கற்றவையாகவே தோன்றின. 1892 ஒப்பந்தமோ, பிரிட்டன் தவிர வேறு எந்த அரசோடும் தொடர்பு கொள்வதில்லை என்றும், வேறு எவருக்கும் நிலத்தை விற்பதோ அடகுவைப்பதோ இல்லை என்றும் சேக்குகளிடம் உறுதி பெற்றது. குவைத் 1899இலும் கத்தார் 1916இலும் இதே வலைக்குள் வந்தன. இவற்றை மேற்பார்வையிட்ட அதிகாரிகள் நெடுங்காலம் பம்பாய்க்கும், பின்னர் இந்திய அரசுக்கும் கட்டுப்பட்டிருந்தனர். அங்கு இந்திய ரூபாயே புழங்கியது. 1971 டிசம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் உருவாகும்வரை இக்காப்புநிலை நீடித்தது.

தஞ்சைக்கும் வளைகுடாவுக்கும் வேறுபாடு உண்டு. விளைநிலமும் வரியும் மிகுந்த தஞ்சையை முழுமையாக விழுங்குவது ஆதாயமாக இருந்தது. வளைகுடாவில் கடல்வழி போதுமானதாயிருந்தது. ஆகவே சேக்குகளின் குடிகள் அவர்களிடமே விடப்பட்டனர்.

கேட்கப்பட்ட கேள்வி

ஒப்பந்தத்தால் போன ஊர்கள் ஒப்பந்தத்தாலேயே மீண்டன. ஆனால் இம்முறை கையொப்பத்திற்குமுன் வாக்கெடுப்பு ஒன்று நடந்தது. 1954 அக்டோபர் 18 அன்று புதுச்சேரியை அடுத்த கீழூரில், புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளின் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினர். 170 பேர் இந்தியாவோடு இணைய இசைந்தனர். நவம்பர் 1ஆம் நாள் நிருவாகம் கைமாறியது. 1956 மே 28இல் கையொப்பமான உடன்படிக்கைக்கு பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் கிடைத்து, 1962 ஆகஸ்ட் 16இல் அது நடைமுறைக்கு வந்தது.

அவ்வுடன்படிக்கையில் 1739இன் தாள்களில் இல்லாத பிரிவு ஒன்று இருந்தது. இப்பகுதிகளில் பிறந்து இங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியக் குடிமக்கள் ஆவர். எனினும் விரும்புவோர் ஆறு மாதங்களுக்குள் எழுத்துமூலம் அறிவித்துப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ளலாம். அவ்வாறு தக்கவைத்துக்கொண்டோரின் வழித்தோன்றல்கள் காரைக்கால் வட்டாரத்தில் இன்றும் வாழ்கின்றனர்.