தொலைபேசித் தடத்தில் குரலும் கணக்கும்

ஆரம்பாக்கத்தில் கடை வைத்திருப்பவருக்கு ஒரு கால் தமிழ்நாட்டில், மறு கால் ஆந்திரத்தில். குண்டூர் மிளகாய்க்கும் நெல்லூர் அரிசிக்கும் ரேட் கேட்பதும் சென்னை மண்டிக்கு ஆர்டர் சொல்வதும் தொலைபேசியில்தான். ட்ரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் கல்லாவில் காத்திருந்ததை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இன்று அதே தடத்தில் பேச்சோடு பில்லும் வரிக் கணக்கும் பணமும் போகின்றன. கடைக்கு எந்த இணைப்பு வேண்டும் என்று தீர்மானிக்கும் முன், அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

பேச்சு எண்ணாகும் விதம்

பழைய தொலைபேசியில் குரலின் ஏற்ற இறக்கமே மின்சாரமாகக் கம்பியில் ஓடியது. தூரம் கூடக் கூட இரைச்சலும் கூடியது. டிஜிட்டல் முறையில் குரலை ஒரு விநாடிக்கு 8,000 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட் கொண்ட எண்ணாக எழுதுகிறார்கள். 8,000 தடவை, தடவைக்கு 8 பிட். ஆக விநாடிக்கு 64 கிலோபிட். எண்ணில் ஒன்றும் பூஜ்யமும் மட்டுமே இருப்பதால் வழியில் சேரும் இரைச்சலை ஒதுக்கிவிட முடிகிறது.

முப்பது பேச்சு, ஒரே தடம்

1962-இல் அமெரிக்காவில் 24 பேச்சுகளை ஒரே தடத்தில் அனுப்பும் டி-1 முறை நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டில் உள்ளது இ-1 முறை. விநாடிக்கு 8,000 தடவை புறப்படும் 32 பெட்டி கொண்ட சரக்கு ரயிலாக இதை நினைத்துக்கொள்ளலாம். ஒரு பெட்டி நேரம் காட்டுகிறது. இன்னொன்று யார் யாரை அழைக்கிறார், யார் வைத்துவிட்டார் என்ற செய்தியைச் சுமக்கிறது. மீதி 30 பெட்டிகளில் 30 பேச்சுகள். மொத்தம் 2,048 கிலோபிட். தொழிற்சாலைகளும் வங்கிகளும் 'பி.ஆர்.ஐ.' என்று வாங்கியது இதைத்தான். ஒரே எண்ணுக்கு முப்பது பேர் ஒரே சமயத்தில் பேசலாம்.

ரயிலும் லாரியும்

இந்த முறையில் உங்கள் பெட்டி உங்களுக்கே. நீங்கள் பேசாவிட்டாலும் அது காலியாக ஓடும். இண்டர்நெட் அப்படியல்ல. அது நம் ஊர் நெடுஞ்சாலையில் போகும் லாரிகளைப் போன்றது. தகவல் சிறு சிறு லோடாகப் பிரிந்து, கிடைத்த இடத்தில் புகுந்து போகிறது. செலவு குறைவு, ஆனால் நெரிசல் வந்தால் தாமதம்.

கணக்குத் தகவலுக்குத் தாமதம் பெரிய குற்றமில்லை. அரிசி மூட்டை ஒரு மணி நேரம் தாமதமாக வந்தால் கெட்டுவிடாது. குரல் பாலைப் போன்றது. 150 மில்லி விநாடிக்குள் போய்ச் சேர்ந்தால்தான் பேச்சு இயல்பாக இருக்கும். அதனால்தான் இண்டர்நெட் வழியே பேசும் 'சிப் ட்ரங்க்' முறையில் குரலுக்கு முதலிடம் தரும்படி ரவுட்டரை அமைக்கிறார்கள்.

இதிலிருந்து தெரியும் உண்மை: ஒரு பேச்சுக்குச் சுமார் 100 கிலோபிட் போதும். யு.பி.ஐ. பணத் தகவல் மிகச் சிறியது. ஆகவே விளம்பரத்தில் காணும் பெரிய வேகம் மளிகைக் கடைக்குத் தேவையில்லை. அறுபடாத இணைப்பே தேவை.

வர்தா சொன்ன பாடம்

2016 நவம்பர் 8 அன்று பழைய 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டன. ஐந்து வாரத்தில், டிசம்பர் 12 அன்று, வர்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்தது. மக்கள் கையில் ரொக்கம் குறைவு. பல இடங்களில் மின்சாரமும் செல்போனும் நின்றதால் அட்டை இயந்திரமும் நின்றது. பணம் இருந்தும் கொடுக்க வழியில்லாத நிலை.

பழைய செம்புக் கம்பித் தொலைபேசிக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சின் பேட்டரியிலிருந்து வந்தது. கடையில் கரண்ட் போனாலும் பேசலாம். இன்றைய ஃபைபரில் வருவது வெளிச்சம் மட்டுமே. கடையில் உள்ள பெட்டிக்கு நாம்தான் மின்சாரம் தரவேண்டும். நம் பகுதிக்கு இன்னொன்றும் உண்டு. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநில எல்லை தாண்ட 2018 ஏப்ரல் 1 முதல் இ-வே பில் தேவை. இணைப்பு அறுந்தால் லோடு ஏற்றிய லாரி வாசலிலேயே நிற்கும்.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

1. சிறு கடைக்குச் சாதாரண ஃபைபர் இணைப்பு போதும். அதன் பெட்டிக்குச் சிறு பேட்டரி அவசியம்.

2. சாதாரண ஃபைபரைப் பல வாடிக்கையாளர்கள் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஒரே சமயத்தில் பல ஆர்டர் எடுக்கும் மொத்த வியாபாரிகள் சிப் ட்ரங்கும், இடைவிடாது கணினியில் வேலை செய்பவர்கள் லீஸ்டு லைனும் பற்றி விசாரிக்கலாம்.

3. பழுது எத்தனை மணி நேரத்தில் சரிசெய்யப்படும், தவறினால் வாடகையில் எவ்வளவு கழிப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

4. வேறு கம்பெனியின் சிம் ஒன்று கையிருப்பில் இருக்கட்டும். இரண்டும் ஒரே கம்பெனியானால் இரண்டும் சேர்ந்தே படுத்துவிடும்.

5. முக்கியமான எண்களையும் பாக்கி விவரத்தையும் நோட்டிலும் எழுதி வையுங்கள்.

தராசைச் சரிபார்க்காமல் நாம் சரக்கு நிறுப்பதில்லை. கடையின் பேச்சும் பணமும் போகும் தடத்தையும் அப்படியே சரிபார்த்து வாங்குவோம்.