பழைய விளையாட்டு, புதிய பட்டியல்: ஒன்பதாம் வகுப்பில் ஒரு தரவுப் பாடம்

ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுடன் ஐந்து பாடவேளைகளில் செய்து பார்த்த ஒரு செயல்பாட்டை இங்கே பகிர்கிறேன். எங்கள் பள்ளி நெய்வேலி நகரியத்தை ஒட்டி இருக்கிறது. மாணவர்களில் பலர் சுரங்க ஒப்பந்தத் தொழிலாளர்களின் பிள்ளைகள். கைப்பேசியில் கார் பந்தயம் ஓட்டாதவர்கள் வகுப்பில் குறைவு. ஆனால், அந்த விளையாட்டில் தெரியும் பெயர்களும் எண்களும் யாரோ ஒருவர் எழுதி வைத்தவை, அவற்றைத் திருத்தி எழுதவும் முடியும் என்பது அவர்களுக்குப் புதிய செய்தி.

இயந்திரமும் பல்லும்

இங்கிலாந்தின் ஜெஃப் கிராமண்ட் உருவாக்கிய ‘கிராண்ட் பிரிக்ஸ்’ வரிசை, ஃபார்முலா ஒன் கார் பந்தயத்தைக் கணினியில் நடத்திக் காட்டிய புகழ்பெற்ற விளையாட்டு. 1996-இல் வந்த இரண்டாம் பாகத்தில் 1994-ஆம் ஆண்டின் அணிகள் இருந்தன. 2002-இல் வந்த நான்காம் பாகத்தில் 2001-ஆம் ஆண்டின் அணிகள். நிஜப் பந்தயத்தில் அணிகளும் ஓட்டுநர்களும் ஆண்டுதோறும் மாறுகிறார்கள். விளையாட்டில் இருப்பவர்களோ அந்த ஆண்டிலேயே நின்றுவிடுகிறார்கள். எனவே, ரசிகர்களே சிறு கருவிகளை எழுதி, அணியின் பெயர், ஓட்டுநரின் பெயர், காரின் வண்ணம், ஓட்டுநரின் திறன் எண் ஆகியவற்றை மாற்றத் தொடங்கினார்கள். நான்காம் பாகத்தோடு அந்த வரிசை நின்றுபோன பிறகும் இந்தப் புதுப்பிக்கும் வேலை பல ஆண்டுகள் தொடர்ந்தது.

இதை விளக்க எங்கள் ஊர்ச் சுரங்கமே போதுமானதாக இருந்தது. மண்ணை வெட்டும் பெரிய சக்கர இயந்திரத்தின் பற்கள் கடினமான மணற்பாறையில் தேய்கின்றன. தேய்ந்த பற்களை மாற்றுகிறார்கள், இயந்திரம் அப்படியே இருக்கிறது. “நிரல் என்பது இயந்திரம், தரவு என்பது பல்” என்றேன். உடனே புரிந்துகொண்டார்கள்.

வகுப்பில் காட்டுவதற்கு ‘டார்க்ஸ்’ என்ற பந்தய விளையாட்டை எனது மடிக்கணினியில் பயன்படுத்தினேன். அது கட்டற்ற மென்பொருள். நகலெடுக்கவும் மாற்றவும் பகிரவும் உரிமை உண்டு. விலைக்கு விற்கப்படும் விளையாட்டில் அந்த உரிமை நமக்கு இல்லை என்பதையும் இங்கே பேசினோம். டார்க்ஸில் ஓட்டுநரின் பெயர், அணி, பந்தய எண், வண்ணம் ஆகியவை எக்ஸ்.எம்.எல். கோப்பில் சாதாரண எழுத்துகளாகவே இருக்கின்றன. நோட்பேடில் திறந்து, திருத்தி, சேமித்தால் போதும்.

பட்டியல் தயாரித்தல்

கணினியைத் தொடும் முன் பட்டியலைத் தாளில் தயாரித்தோம். 2005-ஆம் ஆண்டைத் தேர்ந்தெடுத்தேன். கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன், ஃபார்முலா ஒன்னில் காரோட்டிய முதல் இந்தியர் ஆனது அந்த ஆண்டில்தான். ஜோர்டான் அணிக்காக ஓட்டினார். அந்த ஆண்டு மொத்தம் 10 அணிகள், அணிக்கு 2 கார்கள்.

ஒரு குழு எழுதியதை இன்னொரு குழு வேறொரு மூலத்தில் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. இரண்டு சிக்கல்கள் எழுந்தன.

ஒன்று, ரெட் புல் அணியின் ஓர் இருக்கையில் கிறிஸ்டியன் கிளீன், விட்டன்டோனியோ லியூஸி என இருவர் மாறி மாறி ஓட்டியிருந்தார்கள். யார் பெயரை எழுதுவது? ‘எந்தத் தேதி நிலவரம்’ என்று தலைப்பில் குறிப்பிடாமல் பட்டியல் முழுமையடையாது என்று மாணவர்களே முடிவு செய்தார்கள்.

இரண்டு, ஜோர்டான் அணி 2006-இல் மிட்லண்ட், 2007-இல் ஸ்பைக்கர், 2008-இல் ஃபோர்ஸ் இந்தியா எனப் பெயர் மாறியது. பெயர் மாறினாலும் தொடர்ச்சியைக் காட்ட ஒரு மாறாத எண் வேண்டும். மாணவர்களின் எமிஸ் எண்ணை நினைவுபடுத்தினேன். பெயரின் எழுத்து மாறலாம், எமிஸ் எண் மாறாது.

5 புள்ளிகள் சொல்வது என்ன?

கடைசியாகத் திறன் எண். நரேனுக்கு 10-க்கு எத்தனை தரலாம்? 2005-இல் அவர் 19 பந்தயங்களில் 5 புள்ளிகள் பெற்றார். கூட்டுச் சராசரி ஏறத்தாழ 0.26. இடைநிலை அளவு 0. முகடும் 0. ஒரு குழு 2 கொடுத்தது. இன்னொரு குழு, அமெரிக்கப் பந்தயத்தில் நான்காம் இடம் என்பதைப் பார்த்து 9 கொடுத்தது.

அந்தப் பந்தயத்தின் கதையைத் தேடச் சொன்னேன். 2005 ஜூன் 19, இண்டியானாபொலிஸ். மிஷலின் டயர்கள் அந்தப் பாதைக்குப் பாதுகாப்பானவை அல்ல என்று தெரியவந்ததால், அவற்றைப் பொருத்திய 14 கார்கள் தொடக்கச் சுற்று முடிந்ததும் விலகிக்கொண்டன. ஓடியவை 6 கார்கள் மட்டுமே. நரேனின் 5 புள்ளிகளும் அந்த ஒரே பந்தயத்தில் கிடைத்தவை.

9 கொடுத்த குழு அமைதியானது. ஆனால், 2 கொடுத்த குழுவும் விடை சொல்ல வேண்டியிருந்தது. “அவர் கார் வேகம் குறைஞ்ச கார் சார், அப்ப யார் ஓட்டினாலும் அவ்வளவுதானே வரும்?” என்று ஒரு மாணவி கேட்டாள். அதே காரை ஓட்டிய டியாகோ மொன்டெய்ரோவுடன் ஒப்பிட்டார்கள். அவருக்கு 7 புள்ளிகள். அவற்றில் 6, அதே அமெரிக்கப் பந்தயத்தில் மூன்றாம் இடத்துக்குக் கிடைத்தவை. முடிவில் எண்ணை 5 என்று வைத்துக்கொண்டு, பட்டியலில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டத்தைச் சேர்த்தார்கள். அதில் எழுதியது: “6 கார் மட்டும் ஓடியது. மெதுவான கார்.”

“நம்ம மார்க் லிஸ்ட்டிலும் குறிப்புக் கட்டம் உண்டா சார்?” என்று ஒருவன் கேட்டான். இரவுப் பணிக்குச் செல்லும் அம்மாவுக்காகத் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்பவன் அவன். ‘மெல்லக் கற்போர்’ பட்டியலில் அவன் பெயரை எழுதியவன் நான். இப்போது அந்தப் பட்டியலின் ஓரத்தில், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே காரணம் எழுத இடம் விட்டிருக்கிறேன்.

நீங்களும் செய்து பார்க்க

கணினி கட்டாயம் இல்லை. தொடக்க வகுப்புகளில் ஊர்க் கபடி அணிகளின் பட்டியலைப் புதுப்பிக்கலாம். உயர் வகுப்புகளில் புள்ளியியல் பாடத்தோடு இணைக்கலாம். மூன்று கேள்விகளை மட்டும் விடாதீர்கள்: இது எந்தத் தேதி நிலவரம்? இரண்டாவது மூலம் எது? இந்த எண் எந்தச் சூழ்நிலையில் வந்தது?