பட்டப்பின்படிப்புக்குப் பல்கலைக்கழகம் தேர்வது எப்படி? தரவரிசையைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

களுதாவளையில் வெற்றிலைத் தோட்டத்தோடு வளர்ந்து, வந்தாறுமூலையில் விவசாயப் பட்டம் முடித்த ஒரு பிள்ளையை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். அடுத்தது முதுமாணி. பேராதனையா, கோயம்புத்தூரா, இன்னும் தூரமா? தரவரிசைப் பட்டியல்கள் இதற்கு உதவும். ஆனால் அவற்றை எந்த இடத்தில் கையில் எடுப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வாருங்கள், படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் என்ன செய்வது?

பட்டியலைத் திறக்க முன் ஒரு கொப்பியில் நம் கேள்வியை ஒரே வரியில் எழுதுவோம். "விவசாயம் படிக்க விருப்பம்" என்றால் போதாது. "மாரி மழைக்குப் பிறகு வெற்றிலைக் கொடி அழுகுவதை எப்படித் தடுக்கலாம்?" என்று எழுதினால், நாம் தேடவேண்டியது தாவர நோயியல் என்று உடனே தெரிந்துவிடும்.

அடுத்து மட்டம். இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் பாடநெறி மட்டும் கொண்ட முதுமாணி 9ஆம் மட்டம், ஆய்வும் சேர்ந்தது 10, முதுதத்துவமாணி 11, கலாநிதி 12. பின்னாளில் கலாநிதிப் பட்டம் வரை போகும் எண்ணம் இருந்தால் ஆய்வு உள்ளதையே எடுங்கள்.

எந்தப் பட்டியல் எதை அளக்கிறது?

கியூ.எஸ். உலகத் தரவரிசையில் கல்வியாளர்களிடையே உள்ள நற்பெயருக்கு 30 சதவீதம், வேலை கொடுப்போரிடம் உள்ள பெயருக்கு 15 சதவீதம். அதாவது ஏறக்குறைய பாதி, பிறர் அபிப்பிராயம். ஆய்வுக் கட்டுரைகள் மேற்கோள் காட்டப்படுவதற்கு 20 சதவீதம்.

அமெரிக்காவின் யூ.எஸ். நியூஸ் பட்டப்பின்படிப்புகளுக்கென்றே தனிப் பட்டியல் வெளியிடுகிறது. அறிவியல் துறைகளின் கலாநிதிப் படிப்புகளுக்கு அது கேட்பது சக பேராசிரியர்கள் 1 முதல் 5 வரை போடும் புள்ளியை மட்டுமே. அந்தத் துறைக்கு அறிஞர் மத்தியில் என்ன மதிப்பு என்று அது சொல்லும். ஆய்வுகூடத்தில் என்ன நடக்கிறது என்று சொல்லாது.

இந்தியாவின் என்.ஐ.ஆர்.எஃப். பட்டியல் 2016 முதல் வருகிறது. கற்பித்தலும் வளங்களும் 30, ஆய்வு 30, பட்டம் பெற்றோர் நிலை 20, எல்லோரையும் உள்வாங்குதல் 10, பெயர் 10 என்று அது பிரிக்கிறது. 2023இல் விவசாயத்துக்குத் தனிப்பிரிவு வந்தது; அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் தில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனமே முதலிடம். நம் பிள்ளைக்கு மொத்தப் பட்டியலைவிட இந்தப் பிரிவுதான் தேவை.

துறைக்குள் இறங்குவது எப்படி?

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் பெயர் பெரிதாக இருந்து, நம் துறை மெலிந்திருக்கலாம், மறுபக்கமும் நடக்கும். துறையின் இணையப் பக்கத்துக்குப் போய் விரிவுரையாளர் பட்டியலை எடுப்போம். ஒவ்வொருவரின் பெயரையும் கூகுள் ஸ்கொலரில் போட்டு, கடந்த ஐந்து ஆண்டுகளில் எதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள் என்று பார்ப்போம். நம் கேள்விக்குக் கிட்ட நிற்கும் இரண்டு பேராவது இருக்க வேண்டும். ஒருவர் மட்டும் இருந்து அவர் விடுப்பில் வெளிநாடு போனால் நாம் மேற்பார்வையாளர் இல்லாமல் நிற்போம்.

வெற்றிலையையே எடுப்போம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுகமணி நிலையம் வெற்றிலையில் தனி இரகமே வெளியிட்டிருக்கிறது. நம் நாட்டில் ஏற்றுமதி விவசாயத் திணைக்களம் நாரம்மலயில் வெற்றிலை ஆராய்ச்சி நிலையம் வைத்திருக்கிறது. பேராதனையில் 1975இல் தொடங்கிய விவசாயப் பட்டப்பின்படிப்பு நிறுவனத்தில் பதிந்துகொண்டு, அந்த நிலையத்தில் ஆய்வு செய்ய இடம் கிடைக்குமா என்று கேட்கலாம். எந்த உலகப் பட்டியலும் இதைச் சொல்லித் தராது.

உள்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் மீளாய்வு அறிக்கைகளும் உண்டு. அவை பெரும்பாலும் இளமாணி நெறிகளைப் பற்றியவை. ஆனாலும் ஆளணி, ஆய்வுகூடம், நூலகம் எல்லாம் எப்படி இருக்கின்றன என்று விவரமாக எழுதியிருக்கும். கடைசிப் பக்கத்திலுள்ள பரிந்துரைகளை முதலில் வாசியுங்கள். குறைகள் அங்கேதான் தெரியும்.

எவ்வளவு செலவாகும்?

தேடுவதற்கு டேட்டா காசு மட்டும்தான். மீளாய்வு அறிக்கைகளும் தரவரிசைகளும் இலவசம். படிப்புக்குத்தான் காசு: அரச பல்கலைக்கழகத்தில் இளமாணி இலவசம், முதுமாணிக்குக் கட்டணம் உண்டு. அதோடு வார இறுதி வகுப்பென்றால் களுதாவளையிலிருந்து பேராதனைக்குப் பஸ், தங்குமிடம், சாப்பாடு என்று ஒரு வாரக் கணக்கைப் போட்டு, மொத்த வாரங்களால் பெருக்குங்கள். பலருக்குக் கட்டணத்தைவிட இந்தக் கணக்கே கூடுதலாக வரும்.

இந்தியாவுக்கு என்றால் கொழும்பிலுள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயம் விண்ணப்பம் கோரும் புலமைப்பரிசில்களை முதலில் பாருங்கள். பிரித்தானியாவுக்குப் பொதுநலவாயப் புலமைப்பரிசில் இருக்கிறது. சொந்தக் காசைப் பற்றி யோசிப்பது அதற்குப் பிறகு.

எதில் கவனம்?

"இலங்கையில் முதலிடம்" என்ற செய்தியைக் கண்டால் எந்தப் பட்டியல் என்று கேளுங்கள். வெபோமெட்ரிக்ஸ் என்றால் அதில் பாதிப் புள்ளி இணையத்தில் தெரியும் அளவுக்கே.

1001–1200 என்று தொகுதியாகப் போட்டிருந்தால், அதற்குள் முன்பின் கிடையாது. ஓர் ஆண்டில் சில இடங்கள் ஏறியதையும் இறங்கியதையும் பொருட்படுத்தாதீர்கள். அளவுகோலை மாற்றினாலே இடம் மாறும்.

கடைசியாக ஒன்று. தேர்ந்த இரண்டு மேற்பார்வையாளர்களுக்கும் இந்த வாரமே மின்னஞ்சல் எழுதுங்கள். உங்கள் கேள்வியை நான்கு வரியில் சொல்லி, அங்கே இப்போது படிக்கும் ஒரு மாணவரோடு பேச முடியுமா என்றும் கேளுங்கள். பதில் வந்த பிறகு விண்ணப்பக் கட்டணத்தைக் கட்டலாம்.