பாகம் வாங்கும் முன் காதால் கேட்டுவிடுங்கள்!

கத்திவாக்கத்தில் மின்சார ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, ரிச்சி தெருவில் அலைந்து நாலைந்து கண்டன்சர் வாங்கி வருவதற்குள் அரை நாள் ஓடிவிடும். வாங்கியது சரிப்படவில்லை என்றால் மறுபடியும் அதே அலைச்சல், அதே செலவு. வீட்டில் மைக் ப்ரீ-ஆம்ப், ஆம்ப்ளிஃபயர், இரைச்சல் ஃபில்டர் என்று எதையாவது செய்துகொண்டிருக்கும் பிள்ளைகளுக்கும், மைக்செட் வேலை பார்ப்பவர்களுக்கும் இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. நாம் பதிவு செய்த ஒலியையே கணினியில் வரைந்த சர்க்யூட்டுக்குள் விட்டு, மறுபக்கம் வருவதைக் காதால் கேட்டுவிடலாம். இதற்கு எல்.டி.ஸ்பைஸ் என்ற மென்பொருள் போதும், காசு கொடுக்க வேண்டியதில்லை. அதில் சர்க்யூட் வரைந்து ஓட்டிப் பழகியவர்களுக்கு உதவும் குறிப்புகள் இதோ.

1. போன் பதிவும் வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டும் அப்படியே உள்ளே போகாது, வேவ் கோப்பாக இருந்தால்தான் எல்.டி.ஸ்பைஸ் படிக்கும். கோப்பின் பெயரில் கடைசி எழுத்துகளை மட்டும் மாற்றினால் நடக்காது. இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டியில் திறந்து, 16 பிட் வேவ் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்துகொள்ளுங்கள்.

2. முழுப் பாட்டையும் கொடுத்தால் கணினி திணறிப்போகும். நொடிக்கு 44,100 மாதிரி என்றால் மூன்று நொடிக்கே 1,32,300 மாதிரிகள் ஆகின்றன. சத்தம் ஏறி இறங்கும் இடமாகப் பார்த்து இரண்டு மூன்று நொடி மட்டும் வெட்டி எடுங்கள், குறை தெரிய அதுவே போதும்.

3. ஒலிக்கோப்பையும் சர்க்யூட் கோப்பையும் ஒரே ஃபோல்டரில் வையுங்கள், நீளமான முகவரி அடிக்கும் வேலை மிச்சம். பெயரில் இடைவெளி விடாமல் ‘லாரி1’, ‘அலை2’ என்ற மாதிரி சின்னதாக ஆங்கில எழுத்தில் வைத்தால் பாதிப் பிழைகள் வரவே வராது.

4. வோல்டேஜ் சோர்ஸ் ஒன்றை வைத்து, அதன் மதிப்பு எழுதும் இடத்தில் வேவ்ஃபைல், சமக்குறி, மேற்கோள் குறிக்குள் கோப்பின் பெயர், கடைசியில் சான் சமம் 0 என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். ஸ்டீரியோ பதிவில் 0 என்பது இடது, 1 என்பது வலது. ஒரே மைக்கில் பதிந்த குரலுக்கு மோனோவே போதும், கோப்பும் பாதியாகும்.

5. கோப்பில் இருக்கக்கூடிய உச்ச ஒலியை எல்.டி.ஸ்பைஸ் 1 வோல்ட் என்றுதான் எடுத்துக்கொள்ளும். நிஜ மைக் தருவதோ சில மில்லிவோல்ட். ஈ சோர்ஸ் ஒன்றைச் சேர்த்து மதிப்பு 0.01 கொடுத்தால் உச்சம் 10 மில்லிவோல்ட்டாக இறங்கும், ப்ரீ-ஆம்ப் நிஜத்தில் எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியே நடந்துகொள்ளும்.

6. கணினியில் இருக்கும் சோர்ஸுக்கு உள்தடை கிடையாது, எவ்வளவு இழுத்தாலும் வோல்டேஜ் குறையாது. அதனால் வரிசையில் ஒரு ரெசிஸ்டர் போட மறக்காதீர்கள்: டைனமிக் மைக் என்றால் 600 ஓம், காலர் மைக்கில் வரும் எலக்ட்ரெட் கேப்ஸ்யூல் என்றால் அதற்குப் போடும் 2.2 கே அளவு. இதை விட்டுவிட்டால் திரையில் கணீரென்று பேசும் சர்க்யூட், கையில் கட்டியதும் முனகும்.

7. டிரான்சியன்ட் ஓட்டும்போது முடிவு நேரத்தை ஒலியின் நீளத்துக்குச் சமமாக வையுங்கள். மேக்ஸிமம் டைம்ஸ்டெப் கட்டத்தைக் காலியாக விடாமல் 10 மைக்ரோ செகண்ட் கொடுங்கள். 44,100 பதிவில் இரண்டு மாதிரிகளுக்கு நடுவே சுமார் 22.7 மைக்ரோ செகண்ட்தான் இடைவெளி என்பதால் எதுவும் விட்டுப்போகாது.

8. வெளியே வரும் ஒலியைச் சேமிக்க, டாட் வேவ் கட்டளையில் கோப்பின் பெயர், 16, 44100, அவுட்புட் நோட் என்று வரிசையாகக் கொடுங்கள். இங்கும் 1 வோல்ட்டுதான் எல்லை, அதைத் தாண்டினால் தலை வெட்டுப்பட்டுக் கரகரக்கும். ஸ்பீக்கருக்கு 8 வோல்ட் போகிறது என்றால் பத்தால் வகுத்துச் சேமியுங்கள், இல்லாவிட்டால் நல்ல ஆம்ப்ளிஃபயர் மேல் வீண் சந்தேகம் வரும்.

9. சேமித்த கோப்பில் சத்தமே இல்லையா? அவுட்புட் கண்டன்சருக்கு முன்னாலிருந்து எடுத்திருப்பீர்கள், அங்கே நிற்கும் 4.5 வோல்ட் டி.சி. எல்லாவற்றையும் விழுங்கிவிடும். கண்டன்சருக்குப் பின்னால், லோடு ரெசிஸ்டரின் மேலிருந்து எடுங்கள்.

10. முதலில் ‘டொம்’ என்று ஓர் அடி கேட்டால் பயப்பட வேண்டாம், கண்டன்சர்கள் சார்ஜ் ஏறும் சத்தம் அது. ஆடாசிட்டியிலேயே பதிவின் தொடக்கத்தில் அரை நொடி மௌனம் சேர்த்துவிட்டால், சர்க்யூட் நிதானத்துக்கு வந்த பிறகுதான் குரல் உள்ளே நுழையும்.

11. டாட் வேவ் கட்டளையில் இன்புட்டையும் அவுட்புட்டையும் அடுத்தடுத்துக் கொடுத்தால் ஒரே ஸ்டீரியோ கோப்பாகிவிடும். ஹெட்போன் மாட்டினால் இடது காதில் பழையது, வலது காதில் புதியது. இரண்டின் அளவையும் ஏறக்குறைய சமமாக்கிக்கொண்டு கேளுங்கள், கூடுதல் சத்தமே நல்ல சத்தம் என்று காது ஏமாந்துவிடும்.

12. இடம் மிச்சம் பிடிக்க எல்.டி.ஸ்பைஸ் அலைவடிவத்தைச் சுருக்கித்தான் வைக்கும், அதனால் மெல்லிய கரகரப்பு கலக்கலாம். ஆப்ஷன்ஸ் வரியில் பிளாட்வின்சைஸ் சமம் 0 என்று சேர்த்தால் சுருக்காது. கூடவே டாட் சேவ் கட்டளையில் வேண்டிய நோட்களை மட்டும் குறிப்பிட்டு, வேலை முடிந்ததும் ரா கோப்பை அழித்துவிட்டால் ஹார்ட் டிஸ்க் நிரம்பாது.

13. ‘உம்ம்ம்’ என்ற ஹம்மிங் பதிவாகியிருந்தால் முதலில் எஃப்.எஃப்.டி. போட்டுப் பாருங்கள். 50 ஹெர்ட்ஸில் முள் நின்றால் பெரும்பாலும் ஒயர் அல்லது எர்த் கோளாறு. 100 ஹெர்ட்ஸில் நின்றால் பவர் சப்ளையின் ஃபில்டர் கண்டன்சரைச் சந்தேகப்படுங்கள். ஃபில்டர் வாங்கப் போவதற்கு முன் இதைப் பார்த்தால், பல சமயம் ஒரு ஷீல்டு ஒயரோடு வேலை முடியும்.

14. அப்படியும் 50 ஹெர்ட்ஸ் போகவில்லை என்றால் ட்வின்-டி ஃபில்டரில் 33 கே ரெசிஸ்டர் போடாதீர்கள், 104 கண்டன்சரோடு அது 48 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும். 22 கே, 10 கே இரண்டையும் தொடராக இணைத்தால் 49.7 ஹெர்ட்ஸ், குறி தப்பாது. செராமிக்குக்குப் பதில் பாலியெஸ்டர் கண்டன்சர் வாங்குங்கள், மதிப்பு அவ்வளவாக விலகாது.

15. கடற்கரையில் பேசிப் பதிந்தால் காற்று ‘புஸ் புஸ்’ என்று மைக்கில் மோதும். 104 கண்டன்சர் ஒன்று, 15 கே ரெசிஸ்டர் ஒன்று போட்டு ஹை-பாஸ் வைத்தால் சுமார் 106 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பது அடங்கும், பேச்சு தெளிவாக நிற்கும். சில்லறைக் காசில் முடிகிற வேலை இது.

16. இன்டர்நெட்டில் சோதனை ஒலி தேட வேண்டாம், நம் பகுதியிலேயே வேண்டிய மட்டும் இருக்கிறது. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி ஹார்ன், ஸ்டேஷனில் வண்டி நிற்கும் கிறீச், நெட்டுக்குப்பம் பக்கம் படகு மோட்டார், இரவில் அலைச்சத்தம் என்று நாலையும் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஹார்னோடு பேச்சையும் கலந்து கொடுத்துப் பாருங்கள், திருவிழாக் கூட்டத்தில் உங்கள் மைக் தாங்குமா தாங்காதா என்று வீட்டிலேயே தெரிந்துவிடும்.

17. பெரிய சர்க்யூட்டை ஒரே மூச்சில் ஓட்டினால் காத்திருந்தே பொழுது போகும். ப்ரீ-ஆம்பை மட்டும் ஓட்டிச் சேமித்த கோப்பையே டோன் கன்ட்ரோலுக்கு இன்புட்டாகக் கொடுங்கள். முதல் பகுதியின் முடிவில் அடுத்த பகுதியின் உள்தடை அளவுக்கு ஒரு ரெசிஸ்டர் போட்டுவிடுங்கள், சேமிக்கும்போது வகுத்ததை அடுத்த பகுதியில் மறக்காமல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

18. புதுக் கோப்புக்கு இன்புட்டின் பெயரையே வைத்தால் மூலப்பதிவு போய்விடும். மாற்றிய பாகத்தின் மதிப்பையே பெயராக வையுங்கள்: ‘47கே’, ‘100கே’ என்று இருந்தால் எது நன்றாக ஒலித்தது என்று தனியாக நோட்டில் எழுத வேண்டியதில்லை.

19. கல்லூரியில் ஈசிம் பயன்படுத்துகிறீர்களா? மும்பை ஐ.ஐ.டி.யின் ஃபாஸி குழு தரும் அந்த இலவச மென்பொருளுக்குள் ஓடுவது என்ஜிஸ்பைஸ், அதற்கு ஒலியை எண் பட்டியலாகக் கொடுக்க வேண்டும். சாக்ஸ் என்ற இலவசக் கருவி வேவ் கோப்பை நேரம், அளவு என்று வரிசையான டி.ஏ.டி. கோப்பாக்கித் தரும். அந்தக் கோப்பின் தொடக்கத்தில் உள்ள இரண்டு குறிப்பு வரிகளை நீக்கிவிட்டு ஃபைல்சோர்ஸில் கொடுங்கள்.

20. மென்பொருள் ஏற்ற முடியாத பழைய கணினியா? ஃபால்ஸ்டாட் சர்க்யூட் சிமுலேட்டர் பிரவுசரிலேயே ஓடும், அதில் ஆடியோ இன்புட், ஆடியோ அவுட்புட் இரண்டும் பாகங்களாகவே இருக்கின்றன. நுணுக்கமான அளவுக்கு இது போதாது, ஆனால் ஐடியா தேறுமா என்று பார்க்க நல்ல துணை.

21. சரியாக வந்த கடைசிக் கோப்பை அழிக்காமல் பத்திரப்படுத்துங்கள். நம் உப்புக்காற்றில் ஜாக், வால்யூம் கன்ட்ரோல், சால்டர் எல்லாம் சீக்கிரம் பச்சை பூக்கும். கட்டிய செட் பிற்பாடு கரகரத்தால் இரண்டையும் ஒப்பிட்டுக் கேளுங்கள், கோப்பில் இல்லாத கரகரப்பு என்றால் டிசைனைக் கலைக்காமல் முதலில் இணைப்புகளைச் சுத்தம் செய்யுங்கள்.

அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1973-ல் பிறந்த, இவற்றுக்கெல்லாம் மூலமான ஸ்பைஸ், அன்றே எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி பொதுவில் விடப்பட்டது. அந்த வசதி இன்று நம் வீட்டுக் கணினியிலேயே இருக்கும்போது, கல்லூரிப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் கொடுத்து ரெடிமேட் புராஜெக்ட் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. பெற்றோரே, அந்தப் பணத்தில் நல்ல ஹெட்போன் ஒன்றும் நல்ல சால்டரிங் அயர்ன் ஒன்றும் வாங்கிக் கொடுங்கள், மிச்சத்தைப் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள்.